மேஸ்திரி வீட்டு வாசலில் நின்ற கூட்டம்

அந்தோணிசாமி மேஸ்திரிக்குத் திண்டிவனம் வட்டாரத்தில் நல்ல பேர். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக் குண்டு விட்டுக் குறை கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. அந்தச் சுவர் எப்போது முடியும் என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால், "நாளைக்கு முடிஞ்சிடும்" என்பார். போன பொங்கலுக்குக் கேட்டவரிடமும் அதைத்தான் சொன்னார், இந்தப் பொங்கலுக்குக் கேட்டவரிடமும் அதையேதான் சொன்னார். மனிதர் பொய் சொல்லமாட்டார். எந்த நாளைக்கு என்பதைத்தான் சொல்லமாட்டார்.

அவருக்கு எப்போதும் மூன்று ஊரில் மூன்று வேலை நடக்கும். ஒரு நாள் விழுப்புரத்தில் சவுரியம்மாள் வீட்டு மாடி, மறுநாள் மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்தில் மீன்காரர் சேட்டுவின் வீடு, அதற்கும் மறுநாள் வல்லத்தில் ரிட்டையர்டு பஸ் டிரைவர் கோதண்டபாணியின் வீடு. "ஒரே வீட்டப் புடிச்சிக்கினு கெடந்தா மத்த ரெண்டு பேரும் வேற மேஸ்திரியப் பாத்துடுவான். மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் கை வச்சிட்டா எவனும் எங்கயும் ஓட முடியாது" என்பது அவருடைய தொழில் ரகசியம். இன்னொரு ரகசியமும் உண்டு. சேட்டு வீட்டில் வறுத்த மீன், கோதண்டபாணி வீட்டில் கேப்பைக் களியும் தோலோடு வேகவைத்த மல்லாட்டைக் கடலையும், சவுரியம்மாள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. வீடு முடிந்துவிட்டால் இலை போடுவதும் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இவருக்குப் பிறந்த ஒரே மகள் அன்புச்செல்விக்கு, அடுத்தவர் வேலையை முடிக்க வைப்பதுதான் வேலை. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராஜெக்ட் பார்க்கிறாள். சில நாள் ரயிலில் போய் வருவாள், மற்ற நாள் வீட்டிலிருந்தே லேப்டாப். எடுத்த வேலையை முடிக்காமல் இன்னொன்றைத் தொடாதே, யாருக்கும் வேண்டாததைச் செய்து நேரத்தை வீணாக்காதே, தினமும் காலையில் எல்லாரும் நின்றபடி கொஞ்ச நேரம் பேசி எங்கே முட்டுக்கட்டை என்று கண்டுபிடி என்று அவள் கம்பெனியில் பாடம் நடத்துவாள். வீட்டுக்குள்ளேயே இதற்கெல்லாம் நேர் எதிரான ஒருவர் சாரத்தில் ஏறி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா போனபிறகு அவருக்குச் சோறு போடுவதும் திட்டுவதும் அவள்தான், அதனால் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் போனது அவளுடைய கல்யாணத்தால். விழுப்புரத்துச் சவுரியம்மாளின் மகன் இனியவனுக்கும் அவளுக்கும் பேசி முடித்தாயிற்று. இனியவன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருந்தான். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்குள் அவன் விமானம் ஏறியாக வேண்டும். ஆகவே தவக்காலம் தொடங்கும் விபூதி புதனுக்கு முன்னால் தாலி ஏறணும். இல்லாவிட்டால் அவன் கம்பெனி மனமிரங்கி அடுத்த லீவு கொடுக்கும்வரை வீடியோ காலில் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கணும்.

இதில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள் அன்புச்செல்விதான். விழுப்புரம் வீட்டில் கீழே ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, நாள் முழுக்க ஓடும் டிவி சீரியல். "அமெரிக்காக்காரன் எங்கிட்ட தேதி கேக்கறப்ப பின்னாடி சீரியல்ல ஒருத்தி விஷம் கலந்துக்கினு சிரிச்சா நல்லாவா இருக்கும்? கதவு வச்ச ஒரு ரூம் வேணும். மாடி முடியட்டும், அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டாள். மாடி கட்டுவது அப்பாதானே, நம்ம கல்யாணத்துக்கு நம்ம அப்பா கட்டமாட்டாரா என்று அவளுக்குத் தைரியம். பெற்ற மகளாக இருந்தும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வளர்ந்திருக்கிறாள்.

பொங்கல் போயிற்று. மாடியில் சன்னல் சட்டங்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சேட்டையும் கோதண்டபாணியையும் வரச் சொன்னாள். வீட்டு வாசல் சுவரில் பழைய காலண்டர்களைத் திருப்பி ஒட்டி, கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தாள்: செய்யணும், செஞ்சிக்கினு இருக்கோம், முடிஞ்சிடுச்சு. மாடி ரூம், மாடிச் சமையல்கட்டு, பாத்ரூம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. "இனிமே நடுக் கட்டத்துல ஒரு வீடுதான் இருக்கும். அது முடிஞ்சாதான் அடுத்தது" என்றாள்.

"அப்ப எந்த வீடு மொதல்ல?" என்றார் கோதண்டபாணி. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், யாரையும் முந்த விட்டுப் பழக்கமில்லை.

"ஓட்டுப் போடலாம் சார். ஆனா யாரும் அவங்க வீட்டுக்கு அவங்களே போட்டுக்கக் கூடாது."

இங்கேதான் அன்புச்செல்வி தன் கைவரிசையைக் காட்டினாள். சேட்டு வீடு முதலில் முடிந்தால் கோதண்டபாணிக்கு மானம் போகும். கோதண்டபாணி வீடு முதலில் முடிந்தால் சேட்டுக்குத் தூக்கம் போகும். வரும் வழியில் ஒரே டீக்கடையில் நின்று, யார் வீட்டுக் கம்பி உசத்தி என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். ஆகவே இருவருமே விழுப்புரத்துக்குப் போட்டார்கள். சவுரியம்மாளை அவள் கூப்பிடவே இல்லை. "அத்தைய எதுக்கு வீணா அலைய வைக்கணும்? அவங்க சீட்ட நானே போட்டுடறேன்" என்று, தான் வைத்த விதியைத் தானே தாண்டி அதையும் விழுப்புரத்துக்கே போட்டாள். மாடிதான் முதலில் என்று முடிவாயிற்று. அவள் முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு, "ஜனங்க தீர்ப்பு, நான் என்ன பண்றது?" என்றாள்.

மறுநாளிலிருந்து ஸ்டாண்ட்-அப் கூட்டம். ஆட்கள் பஸ் ஏறுமுன் வாசலில் வட்டமாக நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் பேச்சு வளரும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எது தடுக்கிறது என்று மூன்றே கேள்வி. கேள்வி மேஸ்திரியிடம் வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"நேத்து பூசுனோம். இன்னிக்குப் பூசுவோம். தடையெல்லாம் ஒண்ணும் இல்ல. நாளைக்கு முடிஞ்சிடும்."

அவருக்கு எதிரில் நிற்கும் சித்தாள் வீரம்மாள் அப்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பல்வலியாக இருக்கும் என்று அன்புச்செல்வி நினைத்தாள். கிராம்பு கூடக் கொடுத்தாள்.

மூன்று ஊர் ஆட்களும் ஒரே ஊரில் வேலை செய்தும் மாடி நகரவில்லை. பூசினார்கள், பூசினார்கள், ஒரு கோட்டையையே பூசி முடித்திருக்கலாம். விபூதி புதன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஓலை எப்ப வாசிக்கிறதும்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். இனியவன் போனில், "நீ வேணும்னே இழுக்கிறியா?" என்று கேட்டு, அன்று ராத்திரி இரண்டு பேரும் பேசவில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது. கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிறவள், பெற்ற அப்பனை ஒரு ரூம் கட்ட வைக்க முடியவில்லை என்பது எவ்வளவு கேவலம்!

கடைசியில் ஒரு ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் பெரிய கூட்டமாகப் போட்டாள். சேட்டும் கோதண்டபாணியும் தங்கள் வீட்டு வேலை நின்றுபோன ஆத்திரத்தில் ஆளுக்கு நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாசியில் இல்லாத அதிசயமாகத் தூறல் போட்டது. மேஸ்திரி தன் நீலத் தார்ப்பாயை எடுத்து வாசலில் பந்தலாகக் கட்டினார். உட்காரக் கூடாது என்பது விதி, அதனால் நாற்காலி இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. எல்லார் போனையும் அணைத்து ஒரு கூடையில் போடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் முடிய வேண்டிய கூட்டம்தான். ஆனால் பேச்சைத் தொடங்கியவர் கோதண்டபாணி. அவர் அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து ஆரம்பித்து, ஒரு ஸ்டாப்பிங் விடாமல் நின்று நின்று வந்தார்.

மேஸ்திரி வீட்டை ஒட்டிய செஞ்சி ரோட்டில் அந்த நேரம் போன பஸ்ஸில் சவுரியம்மாளின் சொந்தக்காரர் ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் பட்டது இதுதான்: மேஸ்திரி வீட்டு வாசலில் பந்தல். ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, பேச்சுமூச்சில்லாமல் நிற்கிறார்கள். ஒரு பொம்பளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். டீ எடுக்க உள்ளே போயிருந்த மேஸ்திரியை மட்டும் காணோம். காலங்காத்தால ஒரு வீட்டு வாசலில் இப்படி நின்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் உடனே விழுப்புரத்துக்குப் போன் போட்டார். சவுரியம்மாள் மேஸ்திரிக்குப் போட்டாள், அணைத்திருந்தது. மருமகளாக வரப்போகிறவளுக்குப் போட்டாள், அதுவும் அணைத்திருந்தது. ஐயோ என்று உட்கார்ந்தவள், எழுந்து தெருப் பொம்பளைகளைத் திரட்டி ஒரு வேன் பிடித்தாள். வழியில் சம்பங்கி மாலையும் வாங்கினாள்.

இங்கே கோதண்டபாணி அப்போதுதான் தளம் போட்ட கதைக்கு வந்திருந்தார். அவரை ஒருவழியாக நிறுத்தி, "அப்பா, நீ சொல்லு. எது உன்னத் தடுக்குது?" என்று அன்புச்செல்வி திரும்பினாள். மேஸ்திரி கையிலிருந்த டீ கிளாஸை வைத்தார்.

"தோ வந்துட்டேன்" என்று வீட்டுக்குள் போனவர் போனவர்தான். பின்கட்டில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வேன் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். அதிலிருந்து தலைவிரி கோலமாக இறங்கிய சவுரியம்மாளையும் கையிலிருந்த மாலையையும் பார்த்ததும் அன்புச்செல்விக்கு இனியவன் நினைப்புத்தான் வந்தது. அவன் காலையில் பைக்கில் பாண்டிச்சேரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். "அத்தை, அவருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினாள். சவுரியம்மாள் காதில் எதுவும் விழவில்லை. ஓடிவந்து மருமகளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"ஐயோ எங்கண்ணா! கருவாட்டுக் கொழம்பு வச்சி மூடி வச்சிருக்கேனே, யாரு வந்து துன்னுவா எங்கண்ணா!"

அன்புச்செல்விக்கு மூச்சு வந்தது. சாவு இனியவனுக்கு இல்லை, அப்பாவுக்குத்தான். அப்பாவோ பின்கட்டில் இருக்கிறார். சேட்டு வாயைத் திறந்து, "எம்மா, மேஸ்திரி உள்ளதான்…" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஒப்பாரியின் அடுத்த அடி வந்து விழுந்தது.

"மெதுவா கட்டுண்ணா, மாடிய மெதுவா கட்டுண்ணான்னு நாந்தானே சொன்னேன்! மொத்தமா நிறுத்திட்டுப் போன்னு சொன்னேனா எங்கண்ணா!"

அன்புச்செல்வி சேட்டைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். சேட்டு வாயை மூடிக்கொண்டார். கோதண்டபாணி காதில் கையை வைத்துக் கிட்டே வந்தார். கூட வந்த பொம்பளைகள் மார்பில் அடித்துக்கொண்டு பின்பாட்டுப் பிடித்தார்கள்.

"பூசுன செவுத்த சொரண்டிட்டு மறுக்காப் பூசுன்னேனே! மறுபேச்சு பேசாம சொரண்டுனியே, எம் மவராசா!"

வீரம்மாளின் பல்வலி இப்போது தோள் வரை இறங்கி அவளைக் குலுக்கிக்கொண்டிருந்தது. கிராம்புக்கு வந்த கேடு என்று அன்புச்செல்வி பல்லைக் கடித்தாள். உள்ளே சன்னல் திரை லேசாக விலகி, இரண்டு கண் தெரிந்து, உடனே மறைந்தது. வெளியே வந்தால் மானம் போகும், வராவிட்டால் ஒப்பாரியில் மொத்தக் கதையும் வெளியே வந்துவிடும். பாவம், செத்த மனுஷனுக்கு அப்படி ஒரு சோதனை.

"மேல ஒரு அடுப்பு எரிஞ்சா கீழ எம் வவுறு எரியுமேன்னு உங்கிட்டதானே அழுதேன்! வருஷத்துக்கு ஒரு மாசம் வர்ற புள்ள, மேலயே துன்னுட்டு மேலயே படுத்துக்கினா அவன் மூஞ்ச நான் எப்பப் பாப்பேன் எங்கண்ணா! மாடி முடியலன்னா கீழயே தாலி கட்டிக்கினு கீழயே இருந்துடுவாங்கன்னு நெனச்சேனே!"

அன்புச்செல்வி பல்லைக் கடிப்பதை அங்கே நிறுத்தினாள். இவ்வளவு நாளாக ஒவ்வொரு காலையும் அவள் தேடிய முட்டுக்கட்டை, அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. அந்தக் கண்ணீர் அவள் கழுத்தில் சூடாக இறங்கியது.

"அப்பா, வெளிய வா" என்றாள் சத்தமாக.

அந்தோணிசாமி வந்தார். லுங்கியைச் சரிசெய்தபடி, மகளைப் பார்க்காமல் தார்ப்பாயின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒப்பாரி பாதி வரியில் அறுந்தது. பின்பாட்டு மட்டும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"அடப்பாவி அண்ணா! உயிரோடவா இருக்கே?" சவுரியம்மாள் கையிலிருந்த மாலையாலேயே அவரை இரண்டு சாத்து சாத்தினாள். பிறகுதான் தான் என்னென்ன பாடினோம் என்பது நினைவுக்கு வந்தது. மாலை கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு மாடு அதை மெல்ல ஆரம்பித்தது.

"ஏன் அத்தை, எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அன்புச்செல்வி. கோபம்தான் வந்தது, ஆனால் குரல் உடைந்துவிட்டது.

சவுரியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல இருக்குறவனையெல்லாம் நிக்க வச்சி நிக்க வச்சிக் கேட்டியே கண்ணு. வீடு என்னுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஓட்டுக்கூட நீயே போட்டுக்கினியாம்."

வீட்டில் இருக்கப்போகிறவரைக் கேட்காமல் வீடு கட்டாதே என்பதுதான் அன்புச்செல்வி கம்பெனியில் நடத்தும் முதல் பாடம். அதைத் தன் மாமியாரிடம் மட்டும் மறந்துபோனாள்.

"தனிச் சமையல்கட்டு வேணும்னு நீ கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, நீ எங்கூட ஒட்டமாட்டேன்னு" என்று சவுரியம்மாள் தொடர்ந்தாள்.

"நானா? சமையல்கட்டா? நான் கதவு வச்ச ஒரு ரூம்தானே கேட்டேன்? சமையல்கட்டு நீங்க கேட்டதுன்னுல்ல நெனச்சேன். எனக்குச் சுடுதண்ணி வைக்கறதே பேஜாரு அத்தை."

"நான் எதுக்கும்மா கேக்கப்போறேன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேஸ்திரியைப் பார்த்தார்கள். கூட்டம் மொத்தமும் பார்த்தது. மாடும் பார்த்தது.

"மாடின்னா ஒரு சமையல்கட்டு இல்லாம எப்படி?" என்றார் அந்தோணிசாமி, கொஞ்சம் கோபமாகவே. "நான் கட்டுன எல்லா மாடியிலயும் வச்சிருக்கேன். எவனும் வேணாம்னு சொன்னதில்ல."

"எவனாவது வேணும்னு சொன்னானா?" என்று கேட்டார் கோதண்டபாணி. அன்று முழுக்க அவர் சுருக்கமாகப் பேசியது அது ஒன்றுதான்.

யாரும் கேட்காத ஒரு சமையல்கட்டுக்காக ஒரு கல்யாணமே தள்ளிப்போக இருந்தது. அன்புச்செல்வி சுவரிலிருந்த சமையல்கட்டுச் சீட்டைப் பிய்த்துக் கசக்கினாள். "அது வேணாம். ரூம், கதவு, பாத்ரூம், அவ்ளோதான். சாப்பாடு கீழ, உங்க அடுப்புல. நீங்க சமைங்க, நாங்க துன்றோம். சம்மதமா அத்தை?"

சவுரியம்மாள் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

"சமையல்கட்டுக்குக் கட்டுன குறுக்குச் செவுத்த இடிக்கணுமே? அதுக்கு நாளாவும்" என்று மேஸ்திரி கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"கடப்பாரை எங்க கீது?" என்று சவுரியம்மாள் புடவையை வரிந்து கட்டினாள். "அழுவ வந்த பொம்பளைங்க இத்தினி பேரு சும்மாதானே கீறோம். ஏறுங்கடி வேன்ல!"

வேன் விழுப்புரத்துக்குத் திரும்பியபோது அதில் மேஸ்திரியும் மகளும் வீரம்மாளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சேட்டும் கோதண்டபாணியும் ஒரே பைக்கில் வந்தார்கள். மாடி சீக்கிரம் முடிந்தால்தானே தங்கள் வீட்டுக்கு ஆள் வரும். அவரவர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாடியேறினார்கள். சாவுக்கு வந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே செங்கல் சுமந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிய இனியவன், நடப்பது இன்னதென்று புரியாமல், மாமனார் சொன்ன இடத்தில் சம்மட்டி போட்டான். மத்தியானம் சாய்வதற்குள் குறுக்குச் சுவரில் இடுப்பளவுதான் மிச்சம்.

அந்த மிச்சத்தை மேஸ்திரி யாரையும் தொட விடவில்லை. அன்புச்செல்வி தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் போனாள்.

"அத்தை கேட்டாங்க, சரி. நீ ஏம்ப்பா ஒத்துக்கினே? கருவாட்டுக் கொழம்புக்கா?"

"கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சி." அவர் உளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாடி முடிஞ்சிட்டா நீ இங்க வந்துடுவே. காலைல டீ போட்டுக் குடுத்துட்டு என்னத் திட்டறதுக்கு அங்க யாரு இருக்கா?"

கீழே சவுரியம்மாள் இலை போட்டுவிட்டு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஒரு செங்கல்லை உளியால் மெல்லப் பிரித்து, அதன் மேலிருந்த சிமெண்டைச் சுரண்டி, துடைத்து ஓரமாக அடுக்கிவிட்டு, அடுத்த செங்கல்லை எடுத்தார். ஒரு அடி அடித்தால் மொத்தமும் விழுந்துவிடும் சுவர். அன்புச்செல்வி சொம்பை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீக்கிரம் என்று அன்று அவள் சொல்லவே இல்லை.